பதில் கேட்கும் பந்துன்

லைடன், நெதர்லாந்து
6 அக்டோபர் 2024

அன்புள்ள நகுலன் அண்ணாவுக்கு,

வதனா எழுதுகிறேன். நான் சுகம். ஆயர் குரோ வீட்டில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

இது அப்பாவுக்குப் போக வேண்டிய கடிதம். மாதம் ஒரு மின்னஞ்சல், அதுவும் தமிழில், கடிதம் மாதிரியே எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போன மாதம் எழுதினேன். பதில் வரவில்லை. வழக்கமாக என் ஒற்றுப்பிழைகளையெல்லாம் சிவப்பில் குறித்து உடனே திருப்பி அனுப்புகிற மனுஷர். என்ன ஆயிற்று?

எனக்கு முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. ஒப்பிலக்கியம் என்றால் என்ன என்று அம்மா இன்னும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: நம் ஊர் மலாய்க்காரர்களின் பந்துனையும், நம் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பால்மரம் வெட்டும்போது பாடிய பாட்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்கிறேன். பந்துன் நாலே வரி. முதல் இரண்டு வரி ஒரு காட்சி, மரமோ ஆறோ பறவையோ. கடைசி இரண்டு வரிதான் சொல்ல வந்த விஷயம். ஒருவர் ஒன்று சொன்னால் எதிரில் இருப்பவர் இன்னொரு பந்துனால் பதில் சொல்ல வேண்டும், நம் எசப்பாட்டு மாதிரி. அப்பாவிடம் கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாது பிள்ளை, நான் கிளினிக்கில் மருந்து கலந்தவன்" என்று முடித்துவிடுகிறார்.

அவரை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
வதனா

*

ஆயர் குரோ
27 அக்டோபர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிருக்குத் தக்க உடுப்புப் போட்டுக்கொள்.

அப்பாவுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது. பிறகு எழுதுவார். இங்கே ஒரே மழை. ஹைவே டோல் பக்கம் தண்ணீர் நின்று, செங் ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போக எனக்குத் தினமும் நேரமாகிறது. ஷிஃப்டும் மாற்றிவிட்டார்கள். காருக்கு வைப்பர் மாற்ற வேண்டும். வாசலில் அம்மா வைத்த கறிவேப்பிலை நன்றாகத் தழைத்திருக்கிறது.

தீபாவளிக்கு இந்த வருஷம் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. நீயும் இல்லைதானே.

படிப்பைக் கவனி.

அன்புடன்,
நகுலன்

*

லைடன்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நலமாக இல்லை.

நீங்கள் மழையைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. கறிவேப்பிலையைப் பற்றி எழுதுகிற ஆளே இல்லை. தீபாவளியன்று போன் செய்தேன். அப்பா தூங்குகிறார் என்றார் அம்மா. மறுநாளும் தூங்கினார். நேற்றும் தூங்கினார். வீடியோவைப் போடுங்கள் என்றேன். லைன் சரியில்லை என்று அம்மா வைத்துவிட்டார். நேற்று அவர் பின்னால் யாரோ மலாயில் பேசும் குரல் கேட்டது. வீட்டுக்கு யார் வந்தது?

அப்பாவுக்கு என்ன என்று சொல்லுங்கள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் சொல்லுங்கள். இங்கே இருந்துகொண்டு நானாகக் கற்பனை செய்வது அதைவிட மோசமாக இருக்கிறது.

வதனா

*

ஆயர் குரோ
17 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாதான் சொன்னார். நானும் சரி என்றேன். கோபப்படாதே.

செப்டம்பர் கடைசியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தார். இப்போது வீட்டில்தான். வலது கை வரவில்லை. பிடித்துக்கொண்டால் நடக்கிறார். அதெல்லாம் மெதுவாகச் சரியாகலாம் என்கிறார்கள்.

போனில் நீ கேட்ட குரல் யாரோ வந்த ஆள் இல்லை. அப்பாதான். அப்பா இப்போது மலாயில் மட்டும்தான் பேசுகிறார். தமிழ் வரவில்லை. இங்கிலீஷும் வரவில்லை. நாங்கள் தமிழில் பேசினால் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவை "புவான்" என்று கூப்பிடுகிறார், கிளினிக்கில் மருந்து வாங்க வந்த அம்மாளைக் கூப்பிடுகிற மாதிரி. முதல் நாள் அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்ப் பெண் ரொம்ப நல்ல பிள்ளை. "உங்கள் அப்பா அழகாகப் பேசுகிறாரே, நல்ல முன்னேற்றம்" என்றாள்.

வீடியோவில் யாருடைய முகம் தெரிந்தாலும் பதறுகிறார். அதனால்தான் போடவில்லை.

இன்னொன்று. அம்மா சொல்கிறார்: "அவள் தமிழையும் மலாயையும் ஒப்பிட்டுத்தானே படிக்கிறாள்? அவளைக் கேள். இதுக்கு ஒரு வழி அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்." நானும் யோசித்தேன். நம் குடும்பத்தில் இந்த இரண்டு மொழியையும் படித்தவள் நீ ஒருத்திதான். ஏதாவது இருந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நகுலன்

*

லைடன்
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியதை எங்கிருந்தோ எழுதுகிறேன். அம்மா சாப்பிடுகிறாரா?

வந்துவிட வேண்டும் என்று முதலில் டிக்கெட்தான் பார்த்தேன். என் தங்கும் அனுமதி முடிந்து புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வருவதற்குள் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களோ தெரியாது என்று ஆபீஸில் சொல்கிறார்கள். எப்போது வரும் என்றால் அவர்களுக்கும் தெரியவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது அண்ணா? நான் படிப்பது அந்தப் படிப்பு இல்லை. இரண்டு பாட்டை எடுத்து எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒரு மனுஷருக்குள் ஒரு மொழி அணைந்து இன்னொன்று எரிந்துகொண்டிருந்தால் அதை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மொழியியல் துறையில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். இப்படி நடப்பதுண்டு, ஒரு மொழி முன்னால் திரும்பும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நீங்களும் அவரிடம் மலாயிலேயே பேசுங்கள். அம்மாவும் பேசட்டும். மலாய்ப் பெண்கள் கணவனை "அபாங்" என்று கூப்பிடுவார்கள். அம்மா அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

வேறு ஒன்றும் தெரியவில்லை.

வதனா

*

ஆயர் குரோ
5 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் புதிதாக இல்லை.

அபாங் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் எண்டு புருஷனைக் கூப்பிடுறதோ? உன்ர தங்கச்சிக்கு விசரோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து நாற்பது வருஷமாக "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிட்டவர். மீன் வாங்க, பஸ் பிடிக்க, பக்கத்து வீட்டுக் காத்திஜாவோடு கதைக்க அவருக்கு மலாய் இருக்கிறது. அப்பாவோடு கதைக்க இல்லையாம்.

இப்போது புதிதாக ஒன்று. பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கிற நேரத்தில் அப்பா நாலு வரி சொல்கிறார். பாட்டு மாதிரி இழுத்து. தடுமாற்றமே இல்லை. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். அம்மா "என்னப்பா?" என்பார். அவர் மறுபடி சொல்வார். மறுபடி காத்திருப்பார். கடைசியில் தட்டைத் தள்ளிவிடுவார். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடும் வேண்டாம்.

இது நீ சொன்ன பந்துன்தானே? கேட்டு எழுதி வைத்தேன்:

போக்கொக் கெத்தாப்பாங் டி தெப்பி குவாலா,
டாவுன்னியா கூகூர் டிபாவா ஆரூஸ்;
சூடா கூதுங்கு செக்கியான் லாமா,
ஜன்ஜி யாங் டூலு பீலா டித்தெபூஸ்.

எனக்கு மேலோட்டமாகப் புரிகிறது. ஆனால் அம்மா, "வதனாவே அர்த்தம் எழுதட்டும், அவள்தான் படிச்சவள்" என்கிறார். அவருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுது.

நகுலன்

*

லைடன்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா, அம்மா,

இருவரும் தைரியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி. வேறொன்றும் இல்லை.

ஆமாம், இது பந்துன்தான். நல்ல பந்துன். "கழிமுகத்தின் ஓரத்தில் கெத்தாப்பாங் மரம், அதன் இலைகள் உதிர்ந்து நீரோட்டத்தில் போகின்றன" என்று வருகிறது. கெத்தாப்பாங் கடற்கரையில் குடை மாதிரி விரிந்து நிற்கும் மரம், அம்மா. பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு நாம் போனபோது அதன் நிழலில்தான் பாய் விரித்தோம். உதிர்வதற்கு முன்னால் இலை சிவந்துவிடும். பழைய பந்துன்களில் இந்த மரம் நிறைய வரும். ஆறு கடலில் சேருகிற இடத்தைச் சொல்வதும் வழக்கம்தான். இதில் சந்தம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. அப்பா யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்திருக்கலாம்.

அவருக்குக் கஞ்சியில் கொஞ்சம் கருவாடு வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
வதனா

*

ஆயர் குரோ
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் சளி எப்படி இருக்கிறது? அப்பா மெலிந்துவிட்டார். அம்மாவும்தான்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நாலு வரியில ரெண்டு வரிக்குத்தானே எழுதியிருக்கிறாள்" என்றார். "ஜன்ஜி எண்டால் வாக்கு எண்டு எனக்குத் தெரியாதோ? காத்திஜா நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுறவள்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, "என்னை மஸ்ஜித் தானாவுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். அப்பா கலியாணத்துக்கு முன்னால் அந்த ஊர் அரசாங்கக் கிளினிக்கில் வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். அப்பாவைக் காத்திஜாவின் மேற்பார்வையில் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

பழைய கிளினிக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். கைப்பேசி விற்கிறார்கள், முடி வெட்டுகிறார்கள். இறங்குகிறீர்களா என்றேன். இறங்கினார். ஒரு கடை வாசலில் வயதான மலாய் அம்மா ஒருவர் உட்கார்ந்து பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நம் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவும் சிரித்து, "சாரி ஆப்பா?" என்று மலாயில் கேட்டார், என்ன தேடுகிறீர்கள் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன கேட்பது, யாரைக் கேட்பது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தோம்.

காரில் ஏறியதும், "அவளின்ர வயசுதான் இருக்கும்" என்றார். அப்பா யாருக்கு வாக்குக் கொடுத்தாரோ அவளைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மிச்ச இரண்டு வரியையும் எழுதிவிடு.

நகுலன்

*

லைடன்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அண்ணா வாசித்துக் காட்டுவார். சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்த இரண்டு வரியையும் நான் தெரிந்தேதான் விட்டேன். இதோ: "இத்தனை காலம் காத்திருந்தேன், அன்று சொன்ன வாக்கு எப்போது நிறைவேறும்?"

அவ்வளவுதான் அம்மா. இதில் பெயர் இல்லை. காத்திருந்தது ஆணா பெண்ணா என்றும் இல்லை. தமிழில் "காத்திருந்தேன்" என்று சொன்னாலும் அது தெரியாதல்லவா? அப்பா யாருக்கோ சொன்னதாக இருக்கலாம். அப்பாவுக்கு யாரோ சொன்னதாகவும் இருக்கலாம். கலியாண வீட்டில் யாரோ பாடியதைக் கேட்டு அது காதில் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி நாலு வரிகளைத்தான் வருடக்கணக்காக வாசிக்கிறேன். இருந்தும் தெரியவில்லை.

என் பேராசிரியரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். நல்லவர். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இதை உன் ஆய்வில் ஒரு அத்தியாயமாக எழுதலாமே, இப்படி ஒன்று யாருக்கும் கிடைக்காது" என்றார். முடியாது என்றேன். அன்றிலிருந்து மற்ற அத்தியாயங்களும் ஓடவில்லை. பந்துனைத் திறந்தால் அப்பாவின் குரலில் கேட்கிறது.

தங்கும் அனுமதி இன்னும் வரவில்லை.

உங்கள் பிள்ளை,
வதனா

*

ஆயர் குரோ
9 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திரு. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் கேட்கப்போகிற உதவி பெரியது.

அப்பா இப்போது அநேகமாக ஒன்றும் சாப்பிடுவதில்லை. மூக்கு வழியாக டியூப் போட வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னேரமானால் அந்த நாலு வரி, பிறகு காத்திருப்பு, பிறகு கண்ணீர். நான் மலாயில், "அப்பா, என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "பலாஸ்" என்றார். பதில். அதைத்தான் கேட்கிறார்.

நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பந்துனுக்குப் பந்துனாலதானே மறுமொழி சொல்லுறது? வதனா முந்தி அப்பிடித்தான் எழுதினவள். அந்தப் பெட்டை என்ன சொல்லியிருப்பாள் எண்டு அவளை எழுதச் சொல்லு. நான் சொல்லுறன்."

"அம்மா, இது சரியில்லை. உங்களுக்கு இது என்ன தலையெழுத்து?" என்றேன்.

அம்மா கத்திவிட்டார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "சரி பிழை பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லையடா! மனுஷன் பட்டினியில போகப் போகுது!"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லு. தெரியாவிட்டால் எழுதி அனுப்பு.

நகுலன்

*

லைடன்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். எழுதினேன், அழித்தேன். அடுத்தவர் எழுதிய பந்துனில் குறை கண்டுபிடிக்க எனக்கு வரும். சொந்தமாக ஒன்றுகூட எழுதியதில்லை.

எழுதுவது மட்டும் கஷ்டமில்லை. அந்தப் பெண் யார்? அப்படி ஒருவர் இருந்தாரா? "காத்திருக்கிறேன்" என்று எழுதினால் அம்மா அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். "மறந்துவிட்டேன்" என்று எழுதினால் அப்பா தாங்குவாரா? "மன்னித்துவிட்டேன்" என்று எழுதினால், அந்தப் பெண் சார்பில் மன்னிக்க நான் யார்? ஒரு முழு வாழ்க்கையை யாரிடமும் கேட்காமல் நாலு வரியில் மூடிவிட்டேன் என்றுதான் இருக்கிறது.

கெத்தாப்பாங் கூகூர் செபீஜி-செபீஜி,
ஜாத்தோ கெ பாசீர் டி தெப்பி பந்தாய்;
துவான் தா ஊசா மெங்ஙெனாங் ஜன்ஜி,
யாங் லாமா இத்து சூடா செலெசாய்.

"கெத்தாப்பாங் காய்கள் ஒன்றொன்றாய் உதிர்ந்து கடற்கரை மணலில் விழுகின்றன. நீங்கள் அந்த வாக்கை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பழையது எல்லாம் முடிந்துவிட்டது."

மூன்றாவது வரியைச் சொல்லும்போது அவசரப்படக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இது உதவுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வதனா

*

ஆயர் குரோ
27 ஏப்ரல் 2025

அன்பான பிள்ளை வதனாவுக்கு,

அம்மா எழுதிறன். என்ர கையெழுத்தைக் காத்திஜா படம் எடுத்து அனுப்புவாள். நீ சுகமாய் இருக்க வேணும் எண்டு கும்பிடுறன். நேரத்துக்குச் சாப்பிடு. நான் இருக்கிறன்.

நீ அனுப்பினதைக் கொண்ணா நகுலன் தாளில பெரிசாய் எழுதித் தந்தவன். அடுப்படியில நிண்டு பாடமாக்கினன். நாக்கு பிரளேல்லை. காத்திஜாவைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினன். அவள் திருத்தித் தந்தாள். இது ஏன் எண்டு அவள் கேக்கேல்லை. முடிஞ்சதும் என்ர தோளைத் தடவிப்போட்டுப் போனாள்.

பின்னேரம் கொப்பா தன்ர நாலு வரியையும் சொன்னார். நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தன். எனக்கு நெஞ்சு அடிச்சது. கலியாணப் பந்தலிலகூட அப்பிடி அடிக்கேல்லை. சொல்லத் தொடங்கினன். நீ சொன்ன மாதிரி மூண்டாவது வரியை நிதானமாய்ச் சொன்னன்.

அவர் அசையேல்லை. கடைசி வரி முடிஞ்சும் அப்பிடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிழையாய்ச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சன். பிறகு பெரிசாய் மூச்சு விட்டார். கஞ்சிக் கோப்பையைக் காட்டினார். நான் கரண்டியால தீத்த, முழுதும் குடிச்சார். இப்ப மூண்டு கிழமையாய்ச் சாப்பிடுறார். டியூப் வேண்டாம் எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். அந்தப் பாட்டை அவர் பிறகு சொல்லேல்லை. தமிழும் வரேல்லை. இனி வரும் எண்டு நான் பார்த்துக்கொண்டு இருக்கேல்லை.

உனக்கு அந்த அனுமதிக் கடிதாசி வந்தால் வா. வராட்டில் படிச்சு முடி. படிப்பை விடப் போறன் எண்டு கொண்ணாவுக்குப் போனில சொன்னியாம். விடாதை. உன்ர படிப்பு எனக்கு விளங்கேல்லை. ஆனால் உன்னாலதான் அந்த மனுஷன் ஒரு வாய் குடிச்சவர்.

ஒண்டு மட்டும் உனக்குச் சொல்ல வேணும், கொண்ணாவுக்குச் சொல்லேல்லை. அண்டைக்குக் கஞ்சி குடிச்சு முடிச்ச பிறகு கொப்பா இடக்கையால என்ர கையைப் பிடிச்சார். இந்த நாப்பது வருஷத்தில பிடிக்காத மாதிரிப் பிடிச்சார். யாரின்ர கை எண்டு நினைச்சுப் பிடிச்சாரோ, எனக்குத் தெரியாது.

நான் கையை எடுக்கேல்லை.

அம்மா